வானொலிக்குக் காணிக்கை அனுப்பும் முன்: எஃப்சிசியின் பொதுக் கோப்புத் தளம், ஒரு விமர்சனம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு மூன்றரை. இலவசம், லாகின் கிடையாது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் உள்ளே போனால் பத்து நிமிடத்தில் அலுத்துப்போய் வெளியே வந்துவிடுவீர்கள். தளத்தின் லட்சணம் அப்படி.

எந்தத் தளம் என்கிறீர்களா? பப்ளிக்ஃபைல்ஸ் டாட் எஃப்சிசி டாட் கவ். எஃப்சிசி என்பது வானொலி, தொலைக்காட்சிகளுக்கு லைசென்ஸ் தரும் அமெரிக்க அரசு ஆணையம். அமெரிக்காவில் லைசென்ஸ் வாங்கி ஒலிபரப்பும் ஒவ்வொரு முழுச் சக்தி நிலையமும் தன்னைப் பற்றிய சில காகிதங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். முன்பெல்லாம் அவை நிலையத்தின் அலுவலகத்தில் ஒரு பீரோவில் இருக்கும். நேரில் போய்க் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும், எதற்கு என்று கேட்கக் கூடாது. வானொலிக்காரர்களில் பெரிய நகரங்களின் வணிக நிலையங்கள் 2016இல் இந்தக் கோப்பை இணையத்துக்கு மாற்ற ஆரம்பித்தன. 2018 மார்ச் 1 முதல் லாப நோக்கில்லாத நிலையங்களுக்கும் அது கட்டாயம். பக்தி வானொலிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது கூட்டத்தில்தான் வருகின்றன.

நான் நியூஜெர்சியின் எடிசனில் இருக்கிறேன். வேலை கணக்குத் தணிக்கை. இந்தத் தளத்தின் பக்கம் என்னைத் தள்ளிவிட்டது பாளையங்கோட்டையிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கியிருந்த என் மாமியார். அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்து வந்த விஸ்வவாணியைத் தவறாமல் கேட்டவர். இங்கே வந்ததும் சமையலறை ரேடியோவில் 99.1ஐப் பிடித்துவைத்துக்கொண்டார். அது சலித்தால் 95.5. இரண்டிலும் கிறிஸ்தவப் பாட்டு, நடுநடுவே ஜெபம், அப்புறம் காணிக்கை வேண்டுகோள்.

ஒருநாள் கேட்டார்: "ஏம்மா, இதுல ஒரு சோப்பு வெளம்பரங்கூட வரலியே. இவங்களுக்கு கரண்ட் பில்லு யாரு கட்டுதா?"

"உங்கள மாதிரி கேக்குறவங்கதான் அத்தை. மாசாமாசம் அனுப்பச் சொல்றாங்கல்ல."

"அனுப்பிரலாம். அது ஒழுங்கா போகுதான்னு எங்க பாக்க?"

நியாயமான கேள்வி. பதிலில் பாதி இந்தத் தளத்தில் இருக்கிறது, பாதி இல்லை. பணக் கணக்கு இங்கே கிடைக்காது. லாப நோக்கில்லாத அமைப்புகள் வருமான வரித் துறைக்குத் தரும் 990 படிவத்தில்தான் அதைத் தேட வேண்டும். சர்ச்சாகவே இருப்பவர்கள் அதையும் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. இங்கே கிடைப்பது வேறு: ஒரு நிலையம் தன் லைசென்ஸ் நிபந்தனைகளைக் கடைப்பிடிப்பதாகத் தானே எழுதித்தரும் காகிதம். "தானே எழுதித்தரும்" என்பதை நினைவில் வையுங்கள்.

அழைப்பெழுத்துகளை, அதாவது நிலையத்தின் அடையாள எழுத்துகளை, தட்டினால் நிலையத்தின் பக்கம் வரும். 95.5 என்றால் டபிள்யூபிஎல்ஜே. நியூயார்க்கில் வெகுகாலம் பாட்டு நிலையமாக இருந்தது. 2019 மே 31 மாலை 7 மணிக்கு கே-லவ் என்ற கிறிஸ்தவப் பாட்டு வானொலி ஆனது. கே-லவ்வை நடத்தும் எஜுகேஷனல் மீடியா ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு ஆறு நிலையங்களை 10 கோடியே 35 லட்சம் டாலருக்கு வாங்கியதில் இதுவும் ஒன்று. 99.1 என்றால் டபிள்யூஏடபிள்யூஇசட். எழுத்துகளைப் பிரித்துப் பார்த்தால் ஆல்மா வைட், ஜெரெபாத். பில்லர் ஆஃப் ஃபயர் சபையை நிறுவிய பெண் பிஷப்பின் பெயரும், சபை இருக்கும் ஊரின் பெயரும். 1931இல் ஏஎம்மில் ஆரம்பித்த நிலையம் அது. அந்த அம்மையார் 1920களில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பை வெளிப்படையாக ஆதரித்துப் புத்தகமே போட்டவர் என்பதெல்லாம் கோப்பில் இருக்காது. சபை பிற்பாடு அதிலிருந்து விலகிக்கொண்டுவிட்டது. உரிமையாளர் யார் என்று கோப்பு சொல்லும், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று சொல்லாது. அது அதன் வேலையும் இல்லை.

உள்ளே நிறைய ஃபோல்டர்கள் இருக்கும். லைசென்ஸ், ஒலிபரப்பு எட்டும் பரப்பின் வரைபடம், உரிமையாளர் விவரம் போன்றவற்றை ஒருமுறை பார்த்தால் போதும். தேர்தல் விளம்பரத்துக்கென்று ஒரு ஃபோல்டர் உண்டு. லாப நோக்கில்லாத லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் வேட்பாளர் யாரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்பதால் அவர்களுடையது பெரும்பாலும் காலி. விளம்பரம் வாங்கும் வணிகக் கிறிஸ்தவ நிலையங்களுக்குத்தான் அங்கே சிக்கல். 2020 ஜூலையில் இந்தத் தேர்தல் கோப்பைச் சரியாகப் பராமரிக்காததற்காக எஃப்சிசியோடு ஒப்பந்தம் போட்டுத் திருந்துவதாக எழுதிக்கொடுத்த ஆறு பெரிய குழுமங்களில் சேலம் மீடியா என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ வானொலிக் குழுமமும் இருந்தது.

நீங்கள் நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் காலாண்டுப் பட்டியல். இஷ்யூஸ் அண்ட் புரோகிராம்ஸ் என்று தலைப்பு இருக்கும். எங்கள் ஊரின் பிரச்சினைகள் இவை, அவற்றைப் பற்றி இந்தத் தேதியில், இந்த மணிக்கு, இத்தனை நிமிடம், இந்த நிகழ்ச்சியில் பேசினோம் என்று நிலையம் எழுதிவைக்க வேண்டும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் 10ஆம் தேதிக்குள் முந்தைய காலாண்டின் பட்டியல் ஏறிவிட வேண்டும்.

அமெரிக்க அரசு ஒரு பிரசங்கம் நல்லதா கெட்டதா என்று பார்க்காது. பார்க்கவும் முடியாது. 1934ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டத்தின் 326ஆம் பிரிவே நிகழ்ச்சிகளை அரசு தணிக்கை செய்யத் தடை போட்டிருக்கிறது. அலைவரிசை பொதுச் சொத்து, அதை வாங்கிக்கொண்டு உன் ஊருக்கு என்ன செய்தாய் என்பது மட்டும்தான் கேள்வி. அந்தக் கேள்விக்கு நிலையம் தரும் ஒரே எழுத்துப்பூர்வமான பதில் இந்தப் பட்டியல். காணிக்கை கேட்கும் குரல் "உங்கள் ஊர் வானொலி" என்று சொல்கிறதா? அது உண்மையா என்று இங்கே பார்த்துக்கொள்ளலாம்.

கணக்குத் தணிக்கையில் ஒரு பழைய வழி உண்டு. நமக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு, அது புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்போம். இங்கும் அதையே செய்தேன். 2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயலின் மிச்சம் நியூஜெர்சியைப் புரட்டிப்போட்டது. முப்பது பேர் வரை இறந்தார்கள். மான்வில் ஊரின் வீடுகளுக்குள் ராரிட்டன் ஆறு புகுந்தது. இந்தப் பக்கத்தில் ஒலிபரப்பும் எந்த நிலையத்துக்கும் அந்தக் காலாண்டில் இதைவிடப் பெரிய பிரச்சினை இருந்திருக்க முடியாது. அந்தப் பட்டியல் 2021 அக்டோபர் 10க்குள் ஏறியிருக்க வேண்டும். லைசென்ஸ் புதுப்பித்து முடிந்ததும் பழைய பட்டியல்களை எடுத்துவிடலாம் என்பது விதி. நான் பார்த்த சில நிலையங்கள் எடுக்காமலே விட்டிருந்தன. நமக்கு வசதி.

ஒரு பக்தி நிலையம், பெயர் வேண்டாம். பட்டியல் அச்சடித்த கல்யாணப் பத்திரிகை போல அத்தனை நேர்த்தி. குடும்ப உறவுகள், போதைப் பழக்கம், மன அழுத்தம், பிள்ளை வளர்ப்பு. ஒவ்வொன்றின் கீழும் நிகழ்ச்சி, தேதி, நிமிடக் கணக்கு. நேரத்தைப் பார்த்தால் எல்லாம் ஞாயிறு விடியற்காலை. புயல் பற்றி ஒரு வரி இல்லை. நியூஜெர்சி என்ற சொல்லே தலைப்பைத் தவிர வேறெங்கும் இல்லை. அதே குழுமத்தின் வேறொரு மாநில நிலையத்தைத் திறந்தால் அங்கேயும் ஏறக்குறைய அதே பட்டியல், தலைப்பில் ஊர் மட்டும் வேறு. விதிப்படி இதில் தவறு இருக்கிறதா என்றால், இல்லை. நாட்டுக்கே பொதுவான பிரச்சினை உள்ளூர்ப் பிரச்சினையும்தான் என்று அவர்கள் சொல்லலாம், எஃப்சிசியும் ஒத்துக்கொள்ளும்.

இன்னொன்று சின்ன நிலையம். பட்டியல் சுத்தமாக இல்லை, ஸ்கேன் கோணல், எழுத்துப்பிழை வேறு. ஆனால் செப்டம்பர் முதல் வாரத்தில் வெள்ளம் வடியாத வீடுகளில் சகதி அள்ளப்போன தன்னார்வலர் ஒருவரின் பேட்டி, எங்கே தண்ணீர் பாட்டில் கிடைக்கும், எந்தச் சாலை மூடியிருக்கிறது என்ற அறிவிப்புகள், எல்லாம் நேரத்தோடு எழுதப்பட்டிருந்தன. நான் மாமியாரிடம் காட்டிய பக்கம் அதுதான். காணிக்கை எங்கே போனது என்று சொல்லத் தேவையில்லை.

பட்டியலின் உள்ளே இருப்பதோடு, அதை எப்போது ஏற்றினார்கள் என்பதையும் பாருங்கள். நியூஜெர்சி, நியூயார்க் வானொலிகளின் லைசென்ஸ் 2022 ஜூன் 1இல் முடிந்தது. புதுப்பிக்கும் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் பிப்ரவரி 1. ஒரு நிலையம் பல காலாண்டுப் பட்டியல்களை 2022 ஜனவரியில் ஒரே மத்தியானத்தில் ஏற்றியிருந்தது. வருடக் கடைசியில் வவுச்சர் எழுதும் கம்பெனிகளை நான் பார்த்திருக்கிறேன், அதனால் ஆச்சரியம் இல்லை. விண்ணப்பத்தில் "எல்லாக் காகிதமும் உரிய நேரத்தில் வைக்கப்பட்டது" என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். வைக்கவில்லை என்று உண்மையைச் சொன்னால் அபராதம் வரலாம். கோப்புக் குறைபாட்டுக்கு அடிப்படைத் தொகை 10,000 டாலர். பொய் சொல்லி மாட்டினால் வரும் ஆபத்து அதைவிடப் பெரிது.

எவ்வளவு பெரிது என்பதற்கு நம் பக்கத்துக் கதையே இருக்கிறது. பென்சில்வேனியாவின் மீடியா என்ற ஊரில் டபிள்யூஎக்ஸ்யூஆர் என்று ஒரு நிலையம். கார்ல் மெக்கின்டயர் என்ற போதகரின் இறையியல் கல்லூரி அதை 1965இல் வாங்கியது. 1970இல் எஃப்சிசி லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. எதிர்த் தரப்புக்கு இடம் தரும் அப்போதைய விதியை மீறினார்கள் என்பது ஒரு காரணம். வாங்கும்போது என்ன நிகழ்ச்சி நடத்துவோம் என்று சொன்னார்களோ அதைச் செய்யவில்லை, எஃப்சிசியைத் தவறாக நம்பவைத்தார்கள் என்பது இன்னொன்று. 1972இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த இரண்டாவது காரணத்தைப் பிடித்துக்கொண்டுதான் மறுப்பை உறுதி செய்தது. எதிர்த் தரப்பு விதி 1987இல் போய்விட்டது. எஃப்சிசியிடம் பொய் சொல்லக் கூடாது என்பது போகவில்லை. மெக்கின்டயர் விடவில்லை. 1973 செப்டம்பரில் கடற்கண்ணிகளை அகற்றும் பழைய கப்பல் ஒன்றை நம் கேப் மே கடற்கரைக்கு அப்பால் நிறுத்தி, அதிலிருந்து லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்பினார். ஒரு நாள்கூட முழுதாக ஓடவில்லை, நீதிமன்றத் தடை வந்துவிட்டது. கோடையில் கேப் மே போகிறவர்கள் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டு வருகிறீர்கள், இந்தக் கதை யாருக்கும் தெரிவதில்லை.

நேயருக்கு இதில் என்ன உரிமை என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது, அதை வாங்கிக்கொடுத்ததும் ஒரு சபைதான். மிசிசிப்பியின் ஜாக்சனில் டபிள்யூஎல்பிடி என்ற தொலைக்காட்சி கறுப்பின மக்களை இருட்டடிப்பு செய்தபோது, யுனைடெட் சர்ச் ஆஃப் கிரைஸ்ட் சபையின் எவரெட் பார்க்கர் வழக்குக்குப் போனார். ஒலிபரப்பைக் கேட்கும், பார்க்கும் பொதுமக்களுக்கும் லைசென்ஸ் விசாரணையில் வாதாட உரிமை உண்டு என்று 1966இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றைக்கும் புதுப்பித்தல் விண்ணப்பம் போனபின் சுமார் மூன்று மாதத்துக்குள் அந்த ஊர் நேயர் யாரும் ஆட்சேபம் கொடுக்கலாம். கையில் ஆதாரமாக இருக்கப்போவது இந்தக் கோப்புதான்.

இன்னொரு ஃபோல்டர் பலர் கண்ணில் படுவதே இல்லை. லாப நோக்கில்லாத நிலையம் தனக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காணிக்கை கேட்கலாம். ஆனால் வேறொரு தொண்டு அமைப்புக்காக வழக்கமான நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு நிதி திரட்டினால் கணக்கு உண்டு. 2017இல் எஃப்சிசி கொண்டுவந்த தளர்வுப்படி, அரசு நிதி பெறாத நிலையங்கள் ஆண்டு ஒலிபரப்பு நேரத்தில் 1 சதவீதம் வரை இதைச் செய்யலாம். நாள் முழுக்க ஓடும் நிலையத்துக்கு வருடத்தில் ஏறக்குறைய 88 மணி நேரம். யாருக்காக, எந்தத் தேதி, எவ்வளவு நேரம் என்று காலாண்டுக்கு ஒருமுறை கோப்பில் ஏற்ற வேண்டும். பணத்தை நிலையமே வாங்கியிருந்தால் தொகையையும் எழுத வேண்டும். "இந்தப் பணம் எங்களுக்கு அல்ல" என்று ஒலிபரப்பிலும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளைத் தத்தெடுத்துப் படிக்கவைக்கிறோம், கிணறு வெட்டுகிறோம் என்று கேட்டால் உடனே இந்த ஃபோல்டரைத் திறந்து ஒத்துப்பாருங்கள்.

காதாலேயே சோதிக்கக்கூடியதும் ஒன்று உண்டு. மணிக்கு ஒருமுறை அழைப்பெழுத்துகளையும், அதையடுத்து லைசென்ஸ் பெற்ற ஊரையும் சொல்ல வேண்டும். செயற்கைக்கோள் வழியாக எங்கிருந்தோ வரும் நிலையங்களில் இது பாட்டுக்கும் ஜெபத்துக்கும் நடுவே ஒரே மூச்சில் சொல்லி முடிக்கப்படும். ஊரில் ஸ்டூடியோ இருந்தாக வேண்டும் என்ற விதியை 2017 அக்டோபரில் நீக்கிவிட்டார்கள். கே-லவ் அமைப்பின் தலைமையகமே கலிபோர்னியாவின் ராக்லினிலிருந்து டென்னசிக்கு மாறிவிட்டது. சட்டப்படி மிச்சமிருப்பது ஊரின் பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும். எண் உள்ளூர் எண்ணாகவோ கட்டணமில்லாததாகவோ இருக்க வேண்டும்.

எதற்கெல்லாம் இந்தத் தளம் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2011 மே 21இல் உலகம் முடியும் என்று ஃபேமிலி ரேடியோ என்ற கிறிஸ்தவ வானொலியின் ஹெரால்ட் கேம்பிங் சொன்னபோது அது இந்தப் பக்கம் 94.7இல் ஓடியது. வேலையை விட்டவர்கள், சேமிப்பைக் கரைத்தவர்கள் எல்லாம் உண்டு. பொய்ச் செய்திக்கு எதிராக விதி இருக்கிறதே என்றால், பேரழிவு பற்றிய தகவல் பொய் என்று தெரிந்தே ஒலிபரப்பினால்தான் அது பாயும். கேம்பிங் நம்பிச் சொன்னார். அப்புறம் என்ன செய்ய? அதே போல, "எஃப்சிசி கிறிஸ்தவ வானொலியை நிறுத்தப்போகிறது, கையெழுத்துப் போடுங்கள்" என்று ஏதாவது வந்தால் முன்னனுப்பாதீர்கள். 1974இல் இரண்டு பேர் கொடுத்த ஆர்எம்-2493 என்ற மனுவிலிருந்து கிளம்பிய வதந்தி அது. மனுவில் கேட்டதே வேறு, எஃப்சிசி 1975இல் அதைத் தள்ளியும்விட்டது. வதந்தியில் பெயர் அடிபடும் நாத்திகர் மேடலின் மரே ஓஹேருக்கும் மனுவுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் பல பத்தாண்டுகளுக்கு லட்சக்கணக்கில் கடிதங்கள் போய்க்கொண்டே இருந்தன.

இந்தியாவில் தனியார் எஃப்எம் ஏலத்தில் மத அமைப்புகளுக்கு அனுமதியே இல்லை. வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். இங்கே உள்ளே விட்டுவிட்டுக் காகிதம் கேட்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது, காகிதத்தை யாராவது படிக்கும்வரை.

சரி, ஒன்றரை மதிப்பெண் எதற்குக் குறைத்தேன்? எல்லா நிலையங்களின் பட்டியலுக்குள்ளும் ஒரு சொல்லைத் தேட வழியில்லை. "வெள்ளம்" என்று தட்டிப் பார்க்க முடிந்தால் என் ஒரு வார வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். ஒவ்வொரு பிடிஎஃப்பையும் தனித்தனியாகத் திறக்க வேண்டும். பல ஸ்கேன்கள் என்பதால் அதற்குள்ளும் தேட முடியாது. ஃபோனில் திறந்தால் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போய் விரல்தான் வலிக்கும். குறைந்த சக்தி எஃப்எம் நிலையங்களுக்கும், ரிலே மட்டும் செய்யும் டிரான்ஸ்லேட்டர்களுக்கும் கோப்பே கிடையாது. சின்ன சபைகள் நடத்துபவை பெரும்பாலும் இவைதான். தேடிக் கிடைக்கவில்லை என்றால் அவர்கள் ஒளிக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொரு குறை தளத்துடையது அல்ல. ஒரு நிலையத்தில் ஒரு காலாண்டு விடுபட்டிருந்தது. அந்தச் சட்டப்படியான எண்ணுக்குப் போன் போட்டேன். ஜெபத்துக்கு 1, காணிக்கைக்கு 2. கோப்புக்கு எண் இல்லை. 1ஐ அழுத்தினேன். எடுத்த அம்மா மிகவும் அன்பாகப் பேசினார். காலாண்டுப் பட்டியல் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை, குறித்துக்கொள்கிறேன் என்றார், எதற்காவது ஜெபிக்க வேண்டுமா என்றும் கேட்டார். மாமியாரின் முழங்கால் வலியைச் சொன்னேன். பட்டியல் இதை எழுதும்வரை ஏறவில்லை.